ஒரு தடவை கேட்டால் போதாதா?

வா கண்ணு, பக்கத்தில் வந்து உட்கார்.

உன்னைப் போன்ற கூர்மையான பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு கேள்வி தோன்றும். வீட்டில் இருக்கும் புத்தகங்களைக் குறித்து வைக்க ஒரு செயலி. பாட்டுகளுக்கு ஒரு செயலி. படங்களுக்கு இன்னொரு செயலி. பொன்னியின் செல்வனைப் பற்றி என்னென்ன இருக்கிறது என்று பார்க்க, மூன்றையும் திறந்து மூன்று தடவை தேட வேண்டியிருக்கிறது. "ஒரே இடத்தில் ஒரு தடவை கேட்டால் போதாதா?" என்கிறாய்.

சபாஷ்! நல்ல கேள்வி. பெரிய பெரிய நூலகங்களில் இருப்பவர்களும் பல வருடங்களாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே திரை செய்வது கஷ்டமில்லை. தேடுவதற்கு ஒரு கட்டம், கீழே விடைகள், அவ்வளவுதான். கணினி படிக்கும் அக்காவிடம் கேட்டால் சீக்கிரம் செய்து கொடுத்துவிடுவார். அந்தத் திரைக்குப் பின்னால் மூன்று பட்டியல்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. ஏன் என்று பார்ப்போமா?

பட்டியல் என்றால் என்ன?

பட்டியலில் புத்தகம் இருக்காது. புத்தகத்தைப் பற்றிய செய்திதான் இருக்கும். பெயர், எழுதியவர், அச்சான ஆண்டு, எத்தனை பக்கம், எந்த அலமாரி. இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதி வைத்த செய்திகளைச் சேர்த்து ஒரு "பதிவு" என்று சொல்வோம். நிறையப் பதிவுகள் சேர்ந்தால் பட்டியல்.

உன் வீட்டுச் செயலிகளில் மூன்று பதிவுகள் இப்படி இருக்கலாம்.

புத்தகச் செயலியில்: தலைப்பு, பொன்னியின் செல்வன். ஆசிரியர், கல்கி. பாகங்கள், 5.

படச் செயலியில்: தலைப்பு, பொன்னியின் செல்வன் 1. இயக்குநர், மணிரத்னம். ஆண்டு, 2022.

பாட்டுச் செயலியில்: தலைப்பு, பொன்னி நதி. இசை, ஏ.ஆர். ரஹ்மான். பாடல் வரிகள், இளங்கோ கிருஷ்ணன். ஆண்டு, 2022.

இந்த மூன்றுக்கும் உறவு உண்டு என்று உனக்குத் தெரியும். கதையிலிருந்து படம் வந்தது. படத்துக்காகப் பாட்டு வந்தது. ஆனால் கணினிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளும் எண்களும் மட்டுமே. நாம் சொல்லிக் கொடுத்தால்தான் உறவு புரியும்.

இதுவரை புரிந்ததா? சரி, மேலே போகலாம்.

மாம்பழக் கடையில் இரண்டு தவறுகள்

கிளிமூக்கு மாம்பழம் சாப்பிட்டிருக்கிறாய் அல்லவா? நுனி கிளியின் மூக்குப் போல வளைந்திருக்கும். அதே பழத்தைப் பெங்களூரா என்றும் சொல்வார்கள், தோதாபுரி என்றும் சொல்வார்கள். மூன்று பெயரும் ஒரே ரகத்துக்குத்தான்.

இப்போது மூன்று பழக்கடைகளின் கணக்கு நோட்டுகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒரு நோட்டில் கிளிமூக்கு, இன்னொன்றில் பெங்களூரா, மூன்றாவதில் தோதாபுரி. பெயரை மட்டும் பார்த்தால் மூன்று ரகம் என்று எழுதிவிடுவாய். ஒன்றைப் பலவாக எண்ணிவிட்டாய். இது முதல் தவறு.

அடுத்து, மூன்று நோட்டுகளிலும் "நாட்டு மாம்பழம்" என்று இருக்கிறது. ஆகா, ஒரே பழம் என்று சேர்த்துவிடுகிறாய். ஆனால் நாட்டு மாமரங்கள் ஊருக்கு ஊர் வேறு. ஒன்று நார் நிறைந்து தேனாக இனிக்கும். ஒன்று பல்லைக் கூசவைக்கும். பலவற்றை ஒன்றாக எண்ணிவிட்டாய். இது இரண்டாவது தவறு.

இந்த இரண்டையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள். முதல் தவறுக்குக் கிளிமூக்குத் தவறு என்று பெயர் வைப்போம். இரண்டாவதுக்கு நாட்டு மாம்பழத் தவறு. பட்டியல்களைச் சேர்ப்பவர்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலை இந்த இரண்டு தவறுகளுக்கும் இடம் கொடுக்காமல் இருப்பதுதான்.

கட்டங்களுக்கு யார் பெயர் வைத்தது?

கிளிமூக்குத் தவறு முதலில் எங்கே வரும் தெரியுமா? பதிவுக்குள் இருக்கும் கட்டங்களின் பெயரிலேயே வந்துவிடும்.

ஒரு செயலியில் "ஆசிரியர்" என்ற கட்டம் இருக்கிறது. இன்னொரு புத்தகச் செயலியில் அதே கட்டத்துக்கு "எழுதியவர்" என்று பெயர். வேறொன்றில் "நூலாசிரியர்". மூன்றும் ஒன்றுதான். ஆனால் கணினி மூன்று என்று நினைக்கும்.

இந்தச் சிக்கலை 1960-களிலேயே சந்தித்தவர் ஹென்ரியட் அவ்ராம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் வேலை பார்த்தவர். நூலக அட்டைகளில் இருப்பதைக் கணினி படிக்க வேண்டுமானால் என்ன செய்வது என்று யோசித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். 245 என்றால் தலைப்பு. 100 என்றால் ஆசிரியர் பெயர். அந்த முறைக்கு மார்க் என்று பெயர். இன்றும் உலகம் முழுக்க நூலகங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. கட்டத்தின் மேலே எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும் 245 என்றால் எல்லா ஊரிலும் தலைப்புதான். எவ்வளவு அழகான யோசனை, பார்த்தாயா!

ஆனால் மார்க்கில் கட்டங்கள் மிக அதிகம். படம், பாட்டு, ஓவியம், இணையப் பக்கம் எல்லாவற்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லும் எளிய முறை ஒன்று வேண்டாமா? 1995-இல் அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. டப்ளின் என்ற ஊரில். அயர்லாந்தின் தலைநகரம் என்று நினைத்துவிடாதே, இது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டப்ளின்! ஊருக்கும் நாட்டு மாம்பழத் தவறு வரும் என்று தெரிந்துகொள்.

அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த முறைக்கு டப்ளின் கோர் என்று பெயர். அதில் 15 கட்டங்கள். தலைப்பு, படைத்தவர், பொருள், தேதி, மொழி, வகை, உரிமை என்று போகும். புத்தகமோ பாட்டோ படமோ, எதுவானாலும் இந்த 15-க்குள் ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. கல்கி, மணிரத்னம், ஏ.ஆர். ரஹ்மான் மூவரையும் "படைத்தவர்" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடலாமா? கொஞ்சம் யோசி.

தேடுவதற்கு வசதிதான். "மணிரத்னம்" என்று தட்டினால் அவர் பெயர் இருக்கும் எல்லாம் வந்துவிடும். ஆனால் "அவர் இயக்கிய படங்களை மட்டும் காட்டு" என்று கேட்டால்? அவர் இயக்கியதா, எழுதியதா, தயாரித்ததா என்று கணினிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டபோதே அந்தச் செய்தியை நாம் தொலைத்துவிட்டோம்.

அதனால் கெட்டிக்காரர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். வெளியே எல்லாவற்றுக்கும் பொதுவான சில கட்டங்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டங்கள். புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை அப்படியே இருக்கும். பாட்டுக்குப் பாடியவர் பெயர் அப்படியே இருக்கும். ஒன்றாகச் சேர்ப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது இல்லை. இது முக்கியம், கண்ணு.

தேதியும் குழப்பும்

ஒரு பட்டியலில் 03-04-2022 என்று இருக்கிறது. அது என்ன நாள்? ஏப்ரல் 3 என்பாய். நம் ஊர் வழக்கம் அது. அமெரிக்காவில் எழுதிய பட்டியலாக இருந்தால் மார்ச் 4!

இந்தக் குழப்பம் வராமல் இருக்க ஓர் உலகத் தரம் இருக்கிறது. முதலில் ஆண்டு, அடுத்து மாதம், கடைசியில் நாள். 2022-04-03. இப்படி எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு. தேதிகளை எண் வரிசையில் அடுக்கினாலே பழையது முதல் புதியது வரை தானாக வரிசையாகிவிடும். நீயே ஐந்தாறு தேதிகளை எழுதி அடுக்கிப் பார்.

நாலு கல்கி

இனி பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் இரண்டு தவறுகளும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஒரு செயலியில் "ஏ.ஆர். ரஹ்மான்". இன்னொன்றில் "ஏ. ஆர். ரகுமான்". புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி கூடினாலே கணினிக்கு அது வேறு பெயர்தான். ஒருவரை இரண்டு பேராக்கிவிடும். கல்கியின் சொந்தப் பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒரு பட்டியலில் அப்படி இருந்தால் அங்கேயும் கிளிமூக்குத் தவறு.

எதிர்ப்பக்கம் பார். "கல்கி" என்று தேடுகிறாய். எழுத்தாளர் கல்கி வருவார். 1941-இல் தொடங்கிய கல்கி வார இதழ் வரும். 2024-இல் வந்த கல்கி 2898 ஏ.டி. என்ற படம் வரும். புராணத்தில் சொல்லப்படும் கல்கி அவதாரமும் வரும். பெயர் ஒன்று, விஷயம் நான்கு. பெயரை மட்டும் நம்பிச் சேர்த்தால் நாட்டு மாம்பழத் தவறுதான்.

அப்படியானால் எதை நம்புவது?

எண்ணை நம்பலாம். பெயர் மாறும், எழுத்து மாறும். நல்லபடியாகக் கொடுத்த ஓர் எண் மாறாது.

புத்தகத்தின் முதுகில் ஒரு கணக்கு

உன் வீட்டுப் புத்தகம் ஒன்றைத் திருப்பிப் பார். பின் அட்டையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். கீழே 13 இலக்க எண் இருக்கும். அதற்கு ஐ.எஸ்.பி.என். என்று பெயர். 978 என்றோ 979 என்றோ தொடங்கும். முன்பு இந்த எண்ணுக்கு 10 இலக்கங்கள்தான். 2007 ஜனவரி 1 முதல் 13 ஆயிற்று. 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால் அது இந்தியப் பதிப்பு. 955 இருந்தால் இலங்கைப் பதிப்பு.

பிஸ்கட் பாக்கெட்டிலும் இதேபோல 13 இலக்கங்கள் இருக்கும். நம் நாட்டுப் பொருள்களில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும். அதனால்தான் செயலியில் கேமராவைக் காட்டியதும் இது புத்தகம், இது வேறு பொருள் என்று தொடக்கத்தை வைத்தே பிரித்துவிடுகிறது.

இந்த எண்ணுக்குள் ஒரு சின்ன ரகசியமும் இருக்கிறது. பென்சிலை எடு.

978-0-306-40615-7. பலரும் எடுத்துக்காட்டுக்குச் சொல்லும் எண் இது. கடைசி 7-ஐ விட்டுவிடு. மீதி 12 இலக்கங்கள். முதல் இலக்கத்தை 1-ஆல் பெருக்கு, இரண்டாவதை 3-ஆல், மூன்றாவதை 1-ஆல், நான்காவதை 3-ஆல். இப்படியே மாற்றி மாற்றிப் போ.

9, 21, 8, 0, 3, 0, 6, 12, 0, 18, 1, 15 என்று வரும். கூட்டினால் 93. இதோடு எதைச் சேர்த்தால் பத்தால் வகுபடும்? 7-ஐச் சேர்த்தால் 100. அந்த 7-தான் கடைசி இலக்கம்!

யாராவது 5-ஐ 6 என்று தப்பாகத் தட்டிவிட்டால்? 15-க்குப் பதில் 18 வரும். மொத்தம் 103. பத்தால் வகுபடாது. கணினி உடனே "எண்ணைச் சரிபார்" என்று சொல்லிவிடும். ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு கண்டுபிடித்துவிடும். உன் வீட்டுப் புத்தகம் ஒன்றில் செய்து பார். சரியாக வரும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா!

படங்களுக்கும் பாட்டுகளுக்கும் எண்கள் உண்டு. ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படப் பட்டியல் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைப் பட்டியலில் ஒவ்வொரு கலைஞருக்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 36 குறிகள் கொண்ட அடையாளம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் செய்திகளைச் சேர்த்து வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

இப்போது நீ ஒரு சந்தேகம் கேட்பாய். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். "புத்தகத்துக்கு ஓர் எண், படத்துக்கு வேறோர் எண். இரண்டும் உறவு என்று எப்படித் தெரியும்?"

அதற்குத்தான் விக்கித்தரவு இருக்கிறது. விக்கிப்பீடியாவின் தங்கை அது. 2012-இல் தொடங்கியது. அங்கே பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் க்யூ என்ற எழுத்தோடு ஓர் எண் கொடுக்கிறார்கள். காந்தியடிகளுக்கு க்யூ1001. தமிழில் காந்தி என்றாலும், இந்தியில் எழுதினாலும், ஜப்பானிய மொழியில் எழுதினாலும் எண் ஒன்றே. மற்றப் பட்டியல்கள் அவருக்குக் கொடுத்த எண்களையும் அதே இடத்தில் குறித்து வைக்கிறார்கள். நூலக எண்ணைக் கொண்டு வந்தாலும், திரைப்பட எண்ணைக் கொண்டு வந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். "இந்தப் படம் இந்த நாவலிலிருந்து எடுத்தது" என்ற உறவையும் அங்கே எழுதி வைக்க முடியும்.

எத்தனை பொன்னியின் செல்வன்?

எண் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாயா? இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது.

பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் அச்சிட்டிருக்கின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐ.எஸ்.பி.என். வேறு. எண்ணை மட்டும் நம்பினால் பத்துப் பதிப்பும் பத்துக் கதையாகிவிடும். மறுபடியும் கிளிமூக்கு!

ஆண்டையும் பார். கதை கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. உன் வீட்டுப் பிரதி 2015-இல் அச்சானது என்று வைத்துக்கொள். பொன்னியின் செல்வனின் ஆண்டு எது? இரண்டும் சரி. ஒன்று கதையின் ஆண்டு, மற்றது அந்தப் பதிப்பின் ஆண்டு.

உலக நூலகர்களின் கூட்டமைப்பு 1998-இல் இதற்கு ஒரு தெளிவான வழி சொன்னது. ஒரு பொருளை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னது.

முதல் படி, படைப்பு. கல்கியின் மனத்தில் பிறந்த கதை.

இரண்டாம் படி, அது எடுத்துக்கொண்ட வடிவம். தமிழில் எழுதியது ஒன்று. ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. ஒருவர் வாசித்துப் பதிவு செய்த ஒலிநூல் ஒன்று.

மூன்றாம் படி, பதிப்பு. இந்தப் பதிப்பகம், இந்த ஆண்டு, இந்த அட்டை.

நான்காம் படி, பிரதி. தாத்தா கையெழுத்துப் போட்டு உனக்குக் கொடுத்தாரே, அந்த ஒரே ஒரு புத்தகம்.

படம்? அது தனிப் படைப்பு. மணிரத்னம் எடுத்தது, 2022-இல் முதல் பாகம், 2023-இல் இரண்டாம் பாகம். கதைக்கும் படத்துக்கும் நடுவில் "இதிலிருந்து பிறந்தது" என்று ஒரு கோடு போட்டுவிட வேண்டும். சேர்த்துக் குழப்பவும் கூடாது, சம்பந்தமே இல்லாமல் விடவும் கூடாது.

நான்கு படிகளையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். படைப்பு, வடிவம், பதிப்பு, பிரதி. சொல்லிவிட்டாயா? நூலகவியல் மாணவர்கள் கல்லூரியில் படிப்பதை நீ இப்போதே தெரிந்துகொண்டாய்!

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நம் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இதைக் கவனமாகக் கேள்.

கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகத்தான் இருக்கிறது. அந்த எண் முறைக்கு யூனிகோடு என்று பெயர். "பொன்னி" என்று தட்டுகிறாய். முதலில் இருக்கும் "பொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். "ப" எழுத்து, அதோடு ஒகரக் குறி, ஆக இரண்டு எண்கள். அல்லது "ப" எழுத்து, ஒற்றைக் கொம்பு, கால், ஆக மூன்று எண்கள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும். உள்ளே எண்கள் வேறு. புத்தகச் செயலி ஒரு விதம், படச் செயலி இன்னொரு விதம் என்றால், பொன்னியைத் தேடினால் பொன்னி கிடைக்காது!

இதற்கு மருந்து இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒரே விதத்துக்கு மாற்றிக்கொள்ள யூனிகோடே வழி வகுத்திருக்கிறது. அந்த ஒரு படியை மறக்காமல் செய்தால் போதும்.

ஆனால் அந்த மருந்துக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. "கௌதம்" என்ற பெயரைச் சிலர் ஒற்றைக் கொம்பு போட்டு, பிறகு "ள" எழுத்தைத் தட்டி எழுதிவிடுகிறார்கள். பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அது ஔகாரமே இல்லை, "கெ" என்ற எழுத்தும் "ள" என்ற எழுத்தும்தான். கணினி அதைத் தவறு என்று சொல்லாது, ஏனென்றால் "கெள" என்றும் ஒருவர் எழுதலாம் அல்லவா? தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

நம் பெயர்களிலும் இப்படி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் செயலிகள் பல, பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும். நம்மில் பலருக்குத் தலைப்பெழுத்தும் பெயரும்தான். ரா. கிருஷ்ணமூர்த்தி என்பதில் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? ஒருவர் "ரா"-வை அங்கே போடுவார், ஒருவர் "கிருஷ்ணமூர்த்தி"யைப் போடுவார். மறுபடியும் ஒருவர் இருவராகிவிடுவார். நம் பெயர் முறை தெரிந்தவர்கள் பட்டியல் செய்தால் இந்தத் தொல்லை வராது.

சேர்க்க இரண்டு வழி

சரி, எல்லாவற்றையும் திருத்தியாயிற்று. இனி எப்படிச் சேர்ப்பது? வழி இரண்டு.

முதல் வழியில், மூன்று செயலிகளிலிருந்தும் பதிவுகளை முன்கூட்டியே வாங்கி ஒரே இடத்தில் வைத்துக்கொள்வோம். நீ கேட்டதும் விடை சட்டென்று வரும். இரட்டைப் பதிவுகளை நிதானமாகப் பார்த்துச் சேர்க்கலாம். ஆனால் நேற்று இரவு அண்ணன் ஒரு புதுப் பாட்டைச் சேர்த்திருந்தால், அடுத்த முறை பதிவுகளை வாங்கும்வரை அது இங்கே தெரியாது.

இரண்டாம் வழியில் எதையும் வாங்கி வைப்பதில்லை. நீ கேட்டவுடன் திரை அந்தக் கேள்வியை மூன்று செயலிகளுக்கும் அனுப்பும். மூன்றும் பதில் சொன்னதும் சேர்த்துக் காட்டும். செய்தி எப்போதும் புதிதாக இருக்கும். ஆனால் ஒரு செயலி மெதுவாக இருந்தால் எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

எது நல்லது? உன் வீட்டில் தினமும் புதிதாக ஏதாவது சேர்கிறதா, வருடத்துக்கு நாலைந்து முறைதான் சேர்கிறதா? அதைப் பார்த்து நீயே சொல்.

இந்த ஆசை பழையது

ஒன்றாகச் சேர்க்கும் ஆசை கணினிக்கு முன்பே இருந்தது. 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, தேவாலயங்களிலிருந்து எடுத்துக்கொண்ட புத்தகங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் செய்ய நினைத்தது. எதில் எழுதுவது? சீட்டாட்டச் சீட்டுகளின் பின்பக்கத்தில்! அந்தக் காலத்தில் சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு புத்தகத்துக்கு ஒரு சீட்டு என்று எழுதிப் பாரிசுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

1971-இல் ஒகையோவில் நூலகங்கள் கணினி வழியாக ஒரே பட்டியலில் இணைந்தன. ஒரு நூலகம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதினால் போதும், மற்றவை அதையே எடுத்துக்கொள்ளலாம். அது வளர்ந்துதான் இன்று வேர்ல்டுகேட் என்ற உலகப் பட்டியலாகியிருக்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். படிப்பதற்காக லண்டன் போனபோது, ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள் வந்தன. ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து 1933-இல் ஒரு புதிய பகுப்பு முறையையே வெளியிட்டார். உலகமே அதைப் படித்தது.

நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புகழ்பெற்றவை. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது விதியின் கருத்து. "ஒரு தடவை கேட்டால் போதாதா?" என்று நீ கேட்டதும் அதைத்தான். கணினி இல்லாத காலத்திலேயே அவர் உன் பக்கம் நின்றிருக்கிறார்!

சேர்த்த பிறகும் நேர்மை வேண்டும்

ஒரு செயலி படத்தின் ஆண்டு 2022 என்கிறது. இன்னொன்று 2023 என்கிறது. என்ன செய்வாய்? ஒன்றை அழித்துவிடலாமா?

அழிக்காதே. இரண்டையும் வைத்துக்கொள். எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்து வை. ஒருவேளை ஒன்று முதல் பாகத்தையும் மற்றது இரண்டாம் பாகத்தையும் சொல்லியிருக்கலாம். அழித்துவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஒருங்கிணைந்த பட்டியலில் "இது யார் சொன்னது?" என்ற கேள்விக்கு எப்போதும் விடை இருக்கும். தவறாகச் சேர்த்ததைப் பிரிக்கவும் வழி இருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான், கண்ணு. இது கணினி வேலை மட்டும் இல்லை. கவனமும் நேர்மையும் சேர்ந்த வேலை. ஒரு பாட்டை எழுதியவர் பெயரைத் தவறாகச் சேர்த்தால், அவர் உழைப்பு வேறொருவர் பெயருக்குப் போய்விடும். சரியாகச் சேர்த்தால், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

நீயே செய்து பார்

இந்த வார விடுமுறையில் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள பத்துப் புத்தகம், பத்துப் பாட்டு, ஐந்து படம் எடுத்துக்கொள். நோட்டில் எழுதினாலும் சரி, கணினியில் எக்செல் தாளில் எழுதினாலும் சரி.

ஒவ்வொன்றுக்கும் நீயே ஓர் எண் கொடு. ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றாதே, வேறு எதற்கும் கொடுக்காதே.

தலைப்பு, படைத்தவர், வகை, மொழி, தேதி என்று ஐந்து பொதுக் கட்டங்கள் போடு. அடுத்து ஒவ்வொரு வகைக்கும் உரிய கட்டங்களைச் சேர். தேதியை ஆண்டில் தொடங்கி எழுது.

கடைசியில் "உறவு" என்று ஒரு கட்டம். எந்தப் பாட்டு எந்தப் படத்தில் வருகிறது, எந்தப் படம் எந்தக் கதையிலிருந்து வந்தது என்று எண்ணைப் போட்டு எழுது.

எழுதி முடித்ததும் உன் பட்டியலில் ஒரு கிளிமூக்குத் தவறையும் ஒரு நாட்டு மாம்பழத் தவறையும் தேடிப் பார். அப்பா, அம்மாவிடம் கொடுத்தும் தேடச் சொல். கிடைத்தால் உடனே திருத்து. கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு நண்பனின் பட்டியலை வாங்கி உன்னுடையதோடு சேர்க்க ஆரம்பி. நிச்சயம் கிடைக்கும்!